கூட்டின் தோள்

"எம்பொண்ணு கேப்பாளுங்க. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க" என்றார் சென்னியப்பன்.

மருந்தம்மா அடுப்பில் கொதித்த கஷாயத்தைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன கேப்பா?"

"ஏம்ப்பா வெடிச்சுதுன்னு கேப்பாளுங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"தெரிஞ்சாத்தானுங்களே சொல்ல முடியும்."

மேற்கு மலை அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். மடம் என்றால் கோபுரமும் குளமும் நினைவுக்கு வரும். இங்கே ஓர் ஓட்டுச் சாய்ப்பும், அதன் கீழே வரிசையாகப் பீங்கான் ஜாடிகளும்தான்.

அங்கே இருந்த துறவிக்குத் தீட்சைப் பெயர் ஒன்று உண்டு. அது யாருக்கும் வாயில் நுழையாது. காய்ச்சல் என்று வந்தவர்களுக்கு அவர் மருந்து கொடுத்தார். மனசு சரியில்லை என்று வந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். ஊர் அவரை மருந்தம்மா என்றது.

அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். சென்னியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. தன்னைவிடச் சின்னவர் காலில் விழ மற்ற நாளாக இருந்தால் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அன்றைக்கு விழுந்தார்.

எழுந்ததும் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பொருளை எடுத்து வைத்தார். விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குப்பி. அதன் அடி பிளந்து, ஓரம் கறுத்திருந்தது.

"இது என்ன?"

"கூடுங்க. தோட்டாக் கூடு. முனையில குண்டு இருக்கும், உள்ள மருந்து இருக்கும்."

"எந்த மருந்து?"

"வெடிமருந்துங்க. நாங்க மருந்துன்னுதான் சொல்றது."

"நாங்களும் அப்படித்தான் சொல்றோம்" என்றார் மருந்தம்மா.

*

சென்னியப்பன் சொல்லத் தொடங்கினார்.

கோயமுத்தூரில் அவருக்கு லேத் பட்டறை. தலைமுடி அகலத்தைப் பத்தாகப் பிரித்து அதில் ஒரு பங்கு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரும் மறுக்கமாட்டார்.

ஒரே மகள். பள்ளிக்கூடத்திலிருந்து ரைபிள் கிளப்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். விளையாட்டாகச் சுட்டாள். குறி தப்பவில்லை. அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. அப்பாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கிட்டத்தில் இருக்கிற அட்டையைச் சுட்டுக்கொண்டு அவள் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்திருப்பாள். அப்பாதான் தூரத்து அட்டையைக் காட்டினார். அதற்கு அடுத்த தூரத்தையும் காட்டினார்.

"கடையில வாங்குற தோட்டா அவ்வளவு தூரத்துக்குத் தொய்ஞ்சு போகுமுங்க. காத்து அடிச்சா வெலகும். வேகம் வேணும். வேகத்துக்கு மருந்து வேணும். மருந்துக்குக் கூட்டுல எடம் வேணும். அதான் கூட்ட நானே பட்டறையில செஞ்சனுங்க."

"இத்தனூண்டு குப்பியில எங்க எடம்?"

சென்னியப்பனுக்குக் கண் கொஞ்சம் பிரகாசமானது. தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு அப்படித்தான். பாவம், அந்த நேரத்திலும் அப்படித்தான்.

"இதப் பாருங்க. இது வாய். இது கழுத்து. கழுத்துக்குக் கீழ சரிஞ்சு எறங்குது பாருங்க, இது தோள். அதுக்குக் கீழ ஒடம்பு. தோள் சரிஞ்சு இருந்தா எடம் வீண். தோளத் தூக்கி நிமித்திட்டா உள்ள எடம் கூடும். எடம் கூடினா மருந்து கூடும். மருந்து கூடினா வேகம் கூடும்."

"வேகம் கூடினா?"

"தூரம் கூடுமுங்க."

"தூரம் கூடினா?"

"ஜெயிக்கலாமுங்க. ஜெயிச்சாளே. மாநிலத்துல ஜெயிச்சா."

மருந்தம்மா குப்பியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"வாய், கழுத்து, தோள், ஒடம்பு. எல்லாம் இருக்குது. வலிச்சா சொல்லுமா?"

"பித்தளை எப்படிங்க சொல்லும்?"

"வாய் இருக்குதே."

"பேருக்குத்தானுங்க வாய்."

மருந்தம்மா குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

சென்னியப்பன் தொடர்ந்தார். ஒவ்வொரு முறை மகள் சுட்டு முடித்ததும், திரும்ப மருந்து அடைப்பதற்காகக் காலிக் கூடுகளை அவர் பரிசோதிப்பார். பித்தளை களைத்துப்போனால் முதலில் தோளில்தான் தெரியும் என்பது அவர் கணக்கு. பட்டறையிலிருந்து வர நேரமானால் வீட்டுக்குள் நுழையும்போதே கேட்பார்.

"தோள் எப்படி இருக்குது, அம்மிணி?"

மகள் கூட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்வாள்.

"நல்லா இருக்குதுங்கப்பா."

செருப்பைக் கழற்றுமுன் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அவரே அதைப் பெருமையாகச் சொன்னார்.

"வெடிச்ச அன்னைக்கும் பாத்தனுங்க. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. ஆனா அடி பிளந்துருச்சு. நெருப்பு முன்னால போகாம பின்னால திரும்பிருச்சுங்க. வலது கண்ணு போயிருச்சு."

மருந்தம்மா விறகைத் தள்ளிவிட்டுக் கஷாயத்தைக் கிளறினார்.

"ஆசுபத்திரி வாசல் வரைக்கும் போனனுங்க. கதவுக் கண்ணாடி வழியா முகத்துல கட்டுப் போட்டிருக்கறதப் பாத்தேன். உள்ள போகல. போனா கேப்பா. ஏம்ப்பா வெடிச்சுதுன்னு. கூட்டுல தப்பா, மருந்துல தப்பா, எனக்கே தெரியல. பதில் இல்லாம எப்படிங்க போறது? இந்த மலைக்கோயிலுக்குத்தான் அவ வெள்ளிக்கெழம தவறாம வருவா. அவ கும்பிட்ட எடமாச்சேன்னு வந்தேன். உங்களப் பத்திப் பஸ்சுல சொன்னாங்க."

"புள்ள பேரு என்ன?"

"கோகிலவாணிங்க."

மருந்தம்மாவின் கை நின்றது. கரண்டி கஷாயத்துக்குள்ளேயே நின்றது.

அன்று அந்தக் கஷாயம் அடிப்பிடித்துவிட்டது. மருந்தம்மா கையில் மருந்து அடிப்பிடித்ததை ஊரில் யாரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"இங்க இருங்க" என்றார் கடைசியில். "ஜாடியெல்லாம் கழுவோணும்."

*

சென்னியப்பன் ஜாடி கழுவினார்.

விறகு உடைத்தார். வேர்களைத் தட்டிக் காயவைத்தார். பட்டறைக்காரர் கை அல்லவா, எல்லாம் சுத்தமாக இருந்தது. வரிசையில் கோணலாக நின்ற ஜாடிகளையெல்லாம் நூல் பிடித்தமாதிரி நேராக்கினார்.

காலையில் எழுந்ததும் கேட்பார்.

"கூட்டுல தப்பா, மருந்துல தப்பா?"

"ஜாடியக் கழுவுங்க" என்பார் மருந்தம்மா.

மனைவி தங்காயாள் ஆசுபத்திரியிலிருந்து போன் செய்தாள்.

"புள்ள கேக்குறாளுங்க. அப்பா எங்கன்னு கேக்குறா."

"பதிலு கெடைச்சதும் வந்தர்றேன்."

"என்ன பதிலு?"

 போனை வைத்துவிட்டார்.

மறுபடி தங்காயாள் பேசியபோது அழுதுகொண்டிருந்தாள். கட்டை அவிழ்க்கப் போகிறார்கள் என்றாள். அவிழ்க்கும்போது அப்பா கிட்டத்தில் இருக்க வேண்டும் என்று பிள்ளை சொல்கிறாள் என்றாள். கண் போன பிள்ளைக்கு அப்பனும் போய்விட்டான் என்று ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றாள்.

சென்னியப்பன் பிளந்த கூட்டை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

ஒருநாள் அரிஷ்டத்தைப் புளிப்பதற்கு ஊற்றிவைக்கிற வேலை வந்தது.

மருந்தம்மா ஜாடிகளில் ஊற்றும்போது ஒவ்வொன்றிலும் மேலே ஒரு சாண் காலியாக விட்டார். மேலே துணி போட்டு, மண் பூசி வாயை மூடினார். பிறகு யாருக்கோ பிரசவம் என்று கூப்பிட வந்தார்கள். மீதியை ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

சென்னியப்பனுக்கு அந்த ஒரு சாண் காலி இடம் உறுத்தியது. இத்தனை ஜாடியிலும் இத்தனை இடம் வீண். மீதி இருந்ததையெல்லாம் ஒரே ஜாடியில் கழுத்து முட்ட ஊற்றி, வாயை இறுக்கி மூடினார். ஒரு ஜாடி மிச்சம். திருப்தியாக இருந்தது.

வெயில் ஏறிய ஒரு மத்தியானம் அந்த ஜாடி பட்டென்று பிளந்தது.

சத்தம் கேட்டதும் சென்னியப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மருந்து வழிந்து அவர் வேட்டியை நனைத்தது. வெகுநேரம் அவர் கையை எடுக்கவில்லை.

மருந்தம்மா வந்து துடைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. உடைந்த துண்டுகளை ஒரு கூடையில் பொறுக்கினார்.

சென்னியப்பன் மெதுவாக முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"புரிஞ்சுதுங்க" என்றார்.

"என்ன?"

"உள்ள மருந்து பொங்கும். பொங்கறதுக்கு எடம் வேணும். நான் வீண்னு நெனைச்ச எடம் வீண் இல்லீங்க. காலியா இருக்கறதும் ஒரு வேலைதான். நான் நெறைச்சுட்டேன். அதுதான் தப்பு."

சொல்லச் சொல்ல அவர் குரல் உறுதியானது. இத்தனை நாளும் தேடியது இதுதான் என்று தோன்றியது. நல்ல பதில். மகளிடம் சொல்லக்கூடிய பதில். உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டார். கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மருந்தம்மா காலில் விழுந்தார்.

"பதிலு கெடைச்சுருச்சுங்க. நான் பொறப்படறேன்."

"அது ஜாடியோட பதிலுங்கய்யா" என்றார் மருந்தம்மா.

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

"கண்ணு போன புள்ளகிட்டப் போய் ஜாடிக் கதையச் சொல்லப் போறீங்களா?"

அவர் அப்படியே நின்றார். துணிப்பை கையிலிருந்தது. பஸ் வருகிற நேரம்.

மருந்தம்மா சாய்ப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவரையும் உட்காரச் சொன்னார். அன்று அவர் முகம் ஒரு குருவின் முகமாக இல்லை. ஒன்றைச் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இருக்கிற முகமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன். தோள் எப்படி இருந்துது?"

"அன்னைக்குங்களா?"

"அன்னைக்கு. அதுக்கு முந்தியும்."

"நல்லாத்தான் இருந்துதுங்க. அதுதான் எனக்கு வெளங்கவே இல்ல. பூதக்கண்ணாடியில பாத்தேன்னு சொன்னனுங்களே. ஒரு கோடு இல்ல, ஒரு கறுப்பு இல்ல. மூலையெல்லாம் மழமழன்னு..."

"நான் பித்தளையக் கேக்கல."

சென்னியப்பனின் வாய் திறந்தபடி இருந்தது.

"துப்பாக்கி சுட்டா பின்னால ஒதைக்கும். மருந்தக் கூட்டக் கூட்ட ஒதையும் கூடும். முன்னால என்னென்ன கூடும்னு அத்தனையும் சொன்னீங்க. பின்னால கூடறதச் சொல்லவே இல்ல. அது எங்க போய் ஒதைக்கும்?"

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்த கூட்டைத் தொட்டார்.

"சொல்லுங்கய்யா."

"தோளுலீங்க" என்றார். 

மருந்தம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியுடன் திரும்பி வந்தார். அதில் பாதி அளவு எண்ணெய் இருந்தது. கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் சுற்றியிருந்தது.

சென்னியப்பன் அந்த ரிப்பனைப் பார்த்தார். அவர் வீட்டு ரிப்பன்தான். கிளப்பில் பதக்கத்தோடு கொடுத்தது.

"வெள்ளிக்கெழம அவ கோயிலுக்கு வரலீங்கய்யா. இங்க வந்தா."

மலைக்குருவி ஒன்று எங்கோ கத்தியது.

"வலது தோள் பூராக் கருநீலம். பழைய காயம் ஆறதுக்குள்ள புதுசு. எண்ணெய் போட்டுத் தேய்ச்சா பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பா. அம்மாகிட்டக்கூடக் காட்டலீன்னா. வெயில் காலத்துலயும் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வருவா."

முழுக்கைச் சட்டை. சென்னியப்பன் அதைப் பார்த்திருக்கிறார். பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று தங்காயாளிடம் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. கொஞ்ச காலமாகவே அவள் தலையை இடது கையால் வாரினாள். வகிடு கோணலாக வரும். தலைமுடி அகலத்தைப் பிரித்துப் பார்க்கிற அந்தக் கண் அதைத் தவறவிடவில்லை. "என்ன அம்மிணி, வகிடு ஒரு நூல் தள்ளி ஓடுது" என்று கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். கை ஏன் மாறியது என்று அவர் கேட்டதில்லை.

"வலிக்குதுன்னு ஏன் என்கிட்டச் சொல்லல?" என்றார்.

"நானும் கேட்டேன். எங்கப்பா இத்தனை சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்லீங்கன்னா. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல."

சென்னியப்பன் குனிந்து தலையை முழங்காலில் வைத்துக்கொண்டார். அந்த வயதில் ஒரு மனிதர் அழுவதைப் பார்ப்பது கஷ்டம். மருந்தம்மா பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

பிறகு மருந்தம்மாவே பேசினார்.

"மொதல்ல வந்தப்ப கொஞ்சம் எண்ணெய் போதும்னா. அப்பறம் பத்தலீன்னா. நான் காரம் கூட்டிக் காய்ச்சுனேன். அதுவும் பத்தல. இன்னுங் கூட்டுனேன். வலி தெரியாம இருந்தா அடுத்த வாரம் சுடலாமுன்னா. சுடுன்னு நான் சொல்லல. நிறுத்துன்னும் சொல்லல. எண்ணெயக் குடுத்தேன்."

"அம்மா..."

"நீங்களும் மருந்தக் கூட்டுனீங்க. நானும் மருந்தக் கூட்டுனேன். அவ ரெண்டையும் தாங்குனா."

கூடையிலிருந்த ஜாடித் துண்டுகளை மருந்தம்மா ஒருமுறை பார்த்தார்.

"வந்த அன்னைக்கே சொல்லியிருக்கோணும். சொல்ல எனக்குத் தைரியம் வரல. அதுக்காகத்தான் உங்கள ஜாடி கழுவ வெச்சேன். வேற ஒரு ரகசியமும் இல்ல."

புட்டியை அவர் கையில் வைத்தார்.

"என்ன சொல்றதுங்க அவகிட்ட?" என்றார் சென்னியப்பன். வந்த அன்று கேட்டதுதான். இப்போது வேறு குரலில் கேட்டார்.

"எனக்குத் தெரியலீங்கய்யா" என்றார் மருந்தம்மா.

கீழே பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

*

ஆசுபத்திரி வாசலில் சென்னியப்பன் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

கட்டை அவிழ்த்திருந்தார்கள். வலது கண் இருந்த இடத்தில் சின்னதாகப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. தங்காயாள் அவளுக்குத் தலை வாரிவிட்டிருந்தாள். வகிடு நேராக இருந்தது.

தங்காயாள் அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பிடித்துவருவதாகச் சொல்லிச் சொம்போடு வெளியே போனாள்.

மகள் முகத்தைத் திருப்பினாள். ஒற்றைக் கண்ணால் அவரைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வந்துட்டீங்களாப்பா."

"வந்துட்டேன், அம்மிணி."

"சாப்பிட்டீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். புட்டி மடியில் இருந்தது. அது அவள் கண்ணுக்குத் தெரியாத பக்கம்.

அவர் பயந்த கேள்வியை அவள் கேட்கவில்லை. ஏன் வெடித்தது என்று கேட்கவே இல்லை. அவர் கையைத் தேடி எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இடது கையால்தான் எடுத்தாள்.

வழியெல்லாம் எத்தனையோ யோசித்து வந்திருந்தார். எல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தோள் எப்படி இருக்குது, அம்மிணி?"

கோகிலவாணி சற்று யோசித்தாள். பிறகு எழுந்திருக்க முயன்றாள். அவர் சட்டைப் பையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"கூட்டக் குடுங்கப்பா. ஒரு கண்ணுலயும் தெரியும். பாத்துச் சொல்றேன்."